சாக்கடையை மேலே ஏத்துற சுருள்: ஸ்க்ரூ பம்ப் எப்படி வேலை செய்யுது?

(எபிசோடின் ஒலிப்பதிவிலிருந்து, வாசிப்புக்காகச் சற்றே திருத்தப்பட்ட வடிவம்.)

இன்னைக்கு எபிசோட் சாக்கடையைப் பத்தினது. சாப்பிட்டுக்கிட்டே கேக்குறவங்க தட்டைக் கழுவி வெச்சுட்டு வாங்க, நாங்க எங்கயும் போயிட மாட்டோம். மத்தவங்க வாங்க, ஆரம்பிக்கலாம்.

பேசப்போற மெஷின் பேரு ஸ்க்ரூ பம்ப். ஆர்க்கிமிடீஸ் ஸ்க்ரூன்னு பள்ளிக்கூடத்துல எங்கயாவது கேள்விப்பட்டிருப்பீங்க. அதே ஆள்தான், குளியல் தொட்டியில இருந்து யுரேகான்னு ஓடினதா சொல்வாங்களே, அவர்தான். ரெண்டாயிரம் வருஷத்துக்கும் மேல பழசான இந்த டிசைன், உலகத்துல நிறைய ஊர்ல இன்னைக்கும் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலைய வாசல்ல மெதுவா சுத்திக்கிட்டு இருக்கு. அது ஏன் இன்னும் ரிட்டயர் ஆகலன்னு பார்ப்போம். அதோட, ஒரு ஊரு எந்த பம்பைத் தேர்ந்தெடுக்குதுன்றதுக்கும், அந்தக் குழிக்குள்ள யாரு இறங்குறாங்கன்றதுக்கும் ஒரு தொடர்பு இருக்கு. அதையும் பேசுவோம்.

எதுக்கு மேலே தூக்கணும்?

ஃப்ளஷ் பண்ணினா தண்ணி குழாயில போகுது. அந்தக் குழாய்க்குள்ள அதை யாரு தள்ளுறா? பெரும்பாலான தூரத்துக்கு யாரும் தள்ளுறதில்ல. பாதாள சாக்கடைக் குழாய்களை லேசான சரிவுல போட்டிருப்பாங்க. புவியீர்ப்பு இழுத்துக்கிட்டுப் போயிடும். கரண்ட் செலவு இல்ல, மோட்டார் இல்ல.

ஆனா சரிவுக்கு ஒரு விலை இருக்கு. உதாரணத்துக்கு, 1 மீட்டருக்கு 3 மில்லிமீட்டர் சரிவுன்னு வெச்சுக்குவோம். கண்ணுக்கே தெரியாத சரிவு. 1 கிலோமீட்டர் போனா 3 மீட்டர் ஆழம் கூடியிருக்கும். 2 கிலோமீட்டர் போனா 6 மீட்டர், அதாவது ரெண்டு மாடி உயரம். ஊர் தட்டையா இருந்தா இப்படியே தோண்டிக்கிட்டே போக முடியாது. நிலத்தடி நீர் குறுக்க வரும், பாறை வரும், செலவு எகிறும். அதனால வழியில எங்கயாவது கழிவுநீரை மேலே தூக்கி, மறுபடியும் சரிவுல விடணும்.

சுத்திகரிப்பு நிலைய வாசல்லயும் இதே கதை. அடி ஆழத்துல வந்து சேர்ற தண்ணியை ஒரே ஒரு தடவை நல்ல உயரத்துக்கு ஏத்திட்டா, அடுத்து வர்ற தொட்டிக்கெல்லாம் அது தானாவே இறங்கிப் போயிடும். ஆக, கேள்வி ரொம்ப எளிமையானது: நிறைய தண்ணி, கொஞ்சம் உயரம், உள்ளே ஏகப்பட்ட குப்பை. இதை எப்படித் தூக்குறது?

சாதா பம்புக்கு என்ன கஷ்டம்?

நம்ம வீட்டு மோட்டார், அபார்ட்மென்ட் சம்ப் மோட்டார் பெரும்பாலும் சென்ட்ரிஃப்யூகல் பம்ப். மூடின கூட்டுக்குள்ள இம்பெல்லர்னு ஒரு சக்கரம் வேகமா சுத்தும். நிமிஷத்துக்கு 1,440 சுத்து, 2,900 சுத்துங்கிற மாதிரி வேகம். சுத்துற வேகத்துல தண்ணி ஓரத்துக்கு வீசப்பட்டு, அழுத்தம் கூடி, குழாய்ல ஏறும். நல்ல தண்ணிக்கு இது அருமையான மெஷின்.

சாக்கடையில தண்ணி மட்டுமா வருது? முடி வருது, துணி வருது, சானிட்டரி நாப்கின், வெட் வைப்ஸ், பிளாஸ்டிக் கவர், மணல் எல்லாம் வருது. கழிவுநீருக்குன்னே இடைவெளி அதிகமா வெச்ச இம்பெல்லர்கள் இருக்கு. கல் மாதிரி உருண்டையான பொருள் அதுல தப்பிச்சுப் போயிடும். ஆனா துணியும் முடியும் நீளமானது. அது இம்பெல்லரைச் சுத்திக்கும். ஒரு இழை மாட்டினா அடுத்தது அதுல மாட்டும், கொஞ்ச நேரத்துல கயிறு மாதிரி முறுக்கிக்கும். பம்ப் திணறும், மோட்டார் சூடாகும், ட்ரிப் ஆகும். அப்புறம் யாராவது போய் எடுத்து விடணும். இந்த "யாராவது" யாருன்றதுக்குக் கடைசியில வர்றேன்.

தண்ணி ஏறுதா, இறங்குதா?

இப்போ ஸ்க்ரூ பம்ப். வீட்டுலயே செஞ்சு பார்க்கலாம். ரெண்டடி நீள பிவிசி பைப் ஒண்ணு எடுங்க. அது மேல மெல்லிசான, உள்ளே தெரியிற ட்யூபை நெருக்கமா சுருள் சுருளா சுத்தி டேப் போட்டு ஒட்டுங்க. ஒரு பக்கெட் தண்ணியில கீழ் முனை முங்குற மாதிரி சாய்வா பிடிச்சு, மெதுவா உருட்டுங்க. ட்யூபோட வாய் ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு வாய் தண்ணியை அள்ளும். அந்தத் தண்ணி ஒவ்வொரு சுருளா மேல நகர்ந்து, கடைசியில மேல் முனையில கொட்டும். கொட்டலேன்னா எதிர்ப்பக்கமா உருட்டுங்க, அவ்வளவுதான்.

என்ன நடக்குது இங்க? சாய்ச்சுப் பிடிச்ச சுருள்ல ஒவ்வொரு திருப்புக்கும் ஒரு பள்ளம் இருக்கும். தண்ணி எப்பவும் பள்ளத்துலதான் உக்காரும். நீங்க உருட்டும்போது அந்தப் பள்ளம் இருக்கிற இடம் மேல்நோக்கி நகருது. தண்ணி அதோட பார்வையில கீழேதான் சறுக்கிக்கிட்டே இருக்கு. ஆனா அது சறுக்கிப் போய்ச் சேர்ற பள்ளமே மாடி ஏறிக்கிட்டு இருக்கு. இதுல அழுத்தம் கிடையாது, உறிஞ்சுறது கிடையாது. தண்ணியைப் பாத்திரத்துல வெச்சு மாடிக்குத் தூக்கிட்டுப் போற மாதிரிதான். பாத்திரங்கள் மட்டும் வரிசையா, முடிவே இல்லாம வந்துக்கிட்டே இருக்கும்.

நிஜ பம்ப்ல ட்யூப் இருக்காது. நடுவுல கனமான இரும்புக் குழாய். அதைச் சுத்தி இரும்புத் தகடு சுருளா வெல்ட் பண்ணியிருக்கும். ஒரே சுருளா இருக்கலாம், ரெண்டு மூணு சுருள்கள் இணையாவும் ஓடலாம். சுருள் கூடினா ஒரு சுத்துல தூக்குற அளவும் கூடும். இந்த முழு உருப்படியும் அரைவட்டத் தொட்டி மாதிரி இருக்கிற ஒரு கான்கிரீட் வாய்க்கால்ல சாய்வா படுத்திருக்கும். மேல் முனையில மோட்டார், கியர்பாக்ஸ், எடையைத் தாங்குற பேரிங். கீழ் முனையில, தண்ணிக்குள்ள, இன்னொரு பேரிங். அவ்வளவுதான் மொத்த மெஷினும்.

சுருளும் வாய்க்காலும் உரசக் கூடாது. அதே நேரம் இடைவெளி பெருசா இருந்தா தண்ணி பின்னாடி ஒழுகிடும். சில மில்லிமீட்டர் இடைவெளிதான் அனுமதி. பத்து மீட்டர் நீளத்துக்கு கான்கிரீட்டை அவ்வளவு துல்லியமா எப்படி வடிப்பாங்க? எனக்கு ரொம்பப் பிடிச்ச பதில் இது. ஸ்க்ரூவையே கரண்டியா மாத்திடுவாங்க. சுருளோட விளிம்புல ஒரு பட்டையைக் கட்டி, வாய்க்கால்ல ஈரக் கலவையைப் போட்டு, ஸ்க்ரூவை மெதுவா சுத்த விடுவாங்க. அது தனக்கு வேண்டிய வளைவைத் தானே வழிச்சு எடுத்துக்கும். பட்டையைக் கழட்டினா, அதோட தடிமன் அளவுக்கு இடைவெளி மிச்சம்.

வேகம் எவ்வளவு?

இதுக்கு ஒரு பழைய விதி உண்டு. விட்டத்தை மீட்டர்ல எடுங்க, வர்க்கம் பண்ணுங்க, அதுக்கு கனமூலம் எடுங்க. 50-ஐ அந்த எண்ணால வகுத்தா, நிமிஷத்துக்கு அதிகபட்சம் எத்தனை சுத்துன்னு வந்துடும். 1 மீட்டர் விட்டம்னா 50 சுத்து. 2 மீட்டர்னா சுமார் 31. 3 மீட்டர்னா வெறும் 24. உங்க வீட்டு சீலிங் ஃபேனை ஒண்ணாம் நம்பர்ல வெச்சாக்கூட இதைவிட வேகமா சுத்தும். இந்த அளவைத் தாண்டி ஓட்டினா பள்ளத்துல இருக்கிற தண்ணி சிதறி வெளியே தெறிக்க ஆரம்பிக்கும்.

இவ்வளவு மெதுவான மெஷின் எவ்வளவு தூக்கும்? அமெரிக்காவுல மெம்ஃபிஸ் நகரத்துக் கழிவுநீர் நிலையம் ஒண்ணுல 7 ஸ்க்ரூக்கள் வரிசையா இருக்கு. ஒவ்வொண்ணும் 96 இன்ச் விட்டம், அதாவது 8 அடி. ஒரு ஸ்க்ரூ நிமிஷத்துக்கு 19,900 கேலன் தூக்கும். நம்ம கணக்குல சுமார் 75,000 லிட்டர். 12,000 லிட்டர் தண்ணி லாரியை நினைச்சுக்கோங்க. நிமிஷத்துக்கு ஆறு லாரி, ஒரே ஒரு ஸ்க்ரூ.

கரண்ட் கணக்கும் போட்டுடுவோம். வினாடிக்கு 1,000 லிட்டரை 5 மீட்டர் உயரத்துக்குத் தூக்க, இயற்பியல் கேக்குற குறைந்தபட்ச சக்தி 49 கிலோவாட். ஸ்க்ரூ பம்ப் 75 சதவீதத் திறன்ல ஓடுதுன்னு வெச்சா, சுமார் 65 கிலோவாட் வேணும். ஒரு பெரிய குடியிருப்புப் பகுதியோட மொத்தக் கழிவுநீரையும் தூக்குற வேலைக்கு இது நியாயமான பில்லுதான்.

2,000 வருஷப் பழைய கோணம்

ஸ்க்ரூவை எவ்வளவு சாய்க்கிறது? படுக்கப்போட்டா பள்ளம் பெருசா இருக்கும், நிறைய தண்ணி தங்கும். ஆனா உயரம் கிடைக்காது, நீளமும் இடமும் நிறைய தேவைப்படும். நிமிர்த்தினா இடம் மிச்சம். ஆனா பள்ளம் சின்னதாகி, தண்ணி நடுக்குழாயைத் தாண்டிக் கீழ்த் திருப்புக்கு வழிஞ்சிடும். இன்னைக்குப் பெரும்பாலும் 30 டிகிரியில இருந்து 40-க்குள்ள வைக்கிறாங்க. 30 டிகிரின்னா 5 மீட்டர் ஏத்த 10 மீட்டர் ஸ்க்ரூ வேணும். 38 டிகிரின்னா சுமார் 8 மீட்டர் போதும்.

ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ், கிமு முதல் நூற்றாண்டுல எழுதின புத்தகத்துல இந்த ஸ்க்ரூவை எப்படிச் செய்றதுன்னு படிப்படியா சொல்லியிருக்கார். சாய்வுக்கு அவர் சொல்ற வழி, நம்ம ஸ்கூல் பிதாகரஸ் முக்கோணம்: நீளம் 5 பங்கு, உயரம் 3 பங்கு, தரைவாக்குல 4 பங்கு. கால்குலேட்டர்ல போட்டுப் பாருங்க, கிட்டத்தட்ட 37 டிகிரி வரும். இன்னைக்கு இன்ஜினியர்கள் வைக்கிற கோணத்துக்குள்ளயே விழுது.

2000-ல கிறிஸ் ரோரஸ்ங்கிற கணிதப் பேராசிரியர், ஒரு ஸ்க்ரூ அதிகபட்சம் எவ்வளவு தண்ணி தூக்க முடியும், அதுக்கு நடுக்குழாய் எவ்வளவு தடிமன்ல இருக்கணும், சுருளோட இடைவெளி எவ்வளவு இருக்கணும்னு கணக்குப் போட்டு ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். நடுக்குழாய் வெளி விட்டத்துல ஏறக்குறைய பாதி இருக்கணும்னு வந்தது. தொழிற்சாலைகள் அனுபவத்துலயே அதுக்குப் பக்கத்துல வந்து நின்னிருந்தாங்க.

இன்னொரு வரலாற்றையும் சொல்லணும். அந்தக் காலத்துல மோட்டார் ஏது? விட்ருவியஸோட ஸ்க்ரூவை மனுஷங்க மிதிச்சுச் சுத்தினாங்க. கிரேக்க வரலாற்றாசிரியர் டியோடோரஸ், ஸ்பெயின் சுரங்கங்கள்ல ஊறுற தண்ணியை இந்த ஸ்க்ரூக்களை வெச்சு வெளியேத்தினதையும், அந்தச் சுரங்கங்கள்ல அடிமைகள் பட்ட பாட்டையும் எழுதி வெச்சிருக்கார். ஆர்க்கிமிடீஸ் பேரு நமக்குத் தெரியும். மிதிச்சவங்க பேரு ஒண்ணுகூடத் தெரியாது.

ஆட்டோ ஸ்கேலிங், சென்சார் இல்லாம

நம்ம ஐடி ஆளுங்களுக்குப் பிடிக்கிற பகுதி இது. சாக்கடைக்கு வர்ற டிராஃபிக் ஒரே சீரா இருக்காது. காலையில 7 மணிக்கு ஊரே குளிக்கும், பீக் லோடு. ராத்திரி 3 மணிக்கு ஒண்ணுமே வராது. மழை பெய்ஞ்சா திடீர்னு பல மடங்கு.

சாதா பம்ப் இதை எப்படிச் சமாளிக்கும்? கீழே ஒரு தொட்டி கட்டி, அது நிரம்பினா ஆன், காலியானா ஆஃப். நம்ம மொழியில சொன்னா ஒரு பஃபர். அடிக்கடி ஆன் ஆஃப் ஆனா மோட்டாருக்கு ஆகாது. அதனால வேகத்தை மாத்துற டிரைவ், லெவல் சென்சார், கண்ட்ரோலர்னு சேர்த்துக்கிட்டே போவாங்க.

ஸ்க்ரூ பம்ப் ஒரே வேகத்துல சுத்தும். கீழே தண்ணி மட்டம் குறைஞ்சா, ஒவ்வொரு திருப்பும் அள்ளுற தண்ணியும் குறையும். சுமை குறைஞ்சதால மோட்டார் இழுக்கிற கரண்டும் குறையும். மட்டம் ஏறினா தானா அதிகம் அள்ளும். முழுக் கொள்ளளவுல மூணுல ஒரு பங்கு அளவு வரைக்கும் இறங்கினாக்கூட திறன் பெருசா விழாது. எவ்வளவு வருதோ அவ்வளவு தூக்குறது அந்த வடிவத்துலயே இருக்கு, கோடு எழுத வேண்டிய தேவை இல்ல. தண்ணியே இல்லாம கொஞ்ச நேரம் வெறுமனே சுத்தினாலும் எரிஞ்சு போகாது. மேலே ஒரு எல்லை உண்டு: கீழ் மட்டம் ஒரு குறிப்பிட்ட புள்ளியைத் தாண்டிட்டா, அதுக்கு மேல எவ்வளவு ஏறினாலும் ஸ்க்ரூ கூடுதலா தூக்காது. அதனாலதான் ரெண்டு மூணு ஸ்க்ரூவைப் பக்கத்துல பக்கத்துல வெச்சு, தேவைக்கு ஒவ்வொண்ணா ஓட விடுறாங்க.

எங்கெல்லாம் ஓடுது?

முதல் இடம், சொன்ன மாதிரி நிலையத்தோட வாசல். துணி, கட்டை, மணல்னு எல்லாத்தையும் தண்ணியோட சேர்த்துத் தூக்கி மேலே போட்டுடும். குப்பையை வடிகட்டுற கம்பி வலையை ஆழத்துல வைக்காம தரை மட்டத்துக்கு மேல வைக்கலாம். சுத்தம் பண்றது வெளிச்சத்துல, காத்தோட்டத்துல நடக்கும்.

ரெண்டாவது இடம் சுவாரஸ்யமானது. கழிவுநீரைச் சுத்தம் பண்றது உண்மையில பாக்டீரியாதான். 1914-ல மான்செஸ்டர்ல ஆர்டன், லாக்கெட்னு ரெண்டு பேரு ஒரு முறையை அறிவிச்சாங்க. கழிவுநீருக்குள்ள காத்தை ஊதினா பாக்டீரியா பெருகி, அழுக்கைத் தின்னு, சின்னச் சின்னத் திரள்களா சேரும். அடுத்த தொட்டியில ஆட்டாம விட்டா, அந்தத் திரள்கள் கசடா அடியில படியும், மேல தெளிஞ்ச தண்ணி நிக்கும். முக்கியமான விஷயம், படிஞ்ச கசடைத் தூக்கி எறியாம, அதுல பெரும்பகுதியைத் திரும்ப முதல் தொட்டிக்கே அனுப்பணும். பழகின வேலையாட்களை மறுபடி ஷிஃப்ட்டுக்குக் கூப்பிடுற மாதிரி. உலகம் முழுக்க இன்னைக்கு ஓடுற நிலையங்கள்ல நிறைய இந்த முறையோட வாரிசுகள்தான்.

திருப்பி அனுப்பற கசடு கொஞ்சநஞ்சம் இல்ல. உள்ளே வர்ற கழிவுநீர்ல பாதி அளவு, சில இடத்துல ஏறக்குறைய அதே அளவு. தூக்க வேண்டிய உயரம் சில மீட்டர்தான். திரள்களைப் போட்டு அடிச்சு உடைச்சா அடுத்த தடவை சரியா படியாது. நிறைய அளவு, குறைஞ்ச உயரம், மென்மையான கை. ஸ்க்ரூவுக்குன்னே எழுதின வேலை மாதிரி இருக்கு.

மூணாவது, வெள்ள நீர். நெதர்லாந்துல கிண்டர்டைக்னு ஒரு ஊர், 19 பழைய காற்றாலைகள் வரிசையா நிக்கிற இடம், 1997-ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்தது. டூரிஸ்ட் எல்லாம் காற்றாலையைப் படம் பிடிப்பாங்க. பக்கத்துலயே ஒரு பம்பிங் ஸ்டேஷன்ல பிரம்மாண்டமான ஸ்க்ரூக்கள் இப்போ அந்த வேலையைச் செஞ்சுக்கிட்டு இருக்கு. தாழ்வான நிலத்துல தேங்குற தண்ணியை மேலே இருக்கிற மட்டத்துக்கு ஏத்துறது.

இதையே தலைகீழாவும் ஓட்டலாம். மேல இருந்து தண்ணியை விட்டா ஸ்க்ரூ சுத்தும், ஜெனரேட்டரை மாட்டினா மின்சாரம். இங்கிலாந்துல தேம்ஸ் நதியில ரோம்னி தடுப்பணையில ரெண்டு ஸ்க்ரூ இப்படி ஓடி, விண்ட்ஸர் கோட்டைக்கு மின்சாரம் கொடுக்குது. மெதுவா சுத்துறதால மீன்கள் பெரும்பாலும் அடிபடாம அதுக்குள்ளயே இறங்கிப் போயிடும்.

ஒரு பேர்க் குழப்பம்

உங்க அபார்ட்மென்ட் எஸ்.டி.பி. கொட்டேஷன்ல "ஸ்க்ரூ பம்ப், 2 எண்ணிக்கை"ன்னு இருக்கும். எட்டடி விட்ட மெஷின் பேஸ்மென்ட்ல எங்க இருக்குன்னு தேடாதீங்க. அது வேற. 1930-கள்ல ஃபிரெஞ்சுக்காரர் ரெனே மொய்னோ உருவாக்கின வகை. ரப்பர் கூட்டுக்குள்ள முறுக்கின ஒரு இரும்புத் தண்டு சுத்தும். ரெண்டுக்கும் நடுவுல அடைபட்ட குழிகள் முன்னாடி நகர்ந்து, கெட்டியான கசடை அழுத்தத்தோட தள்ளும். கசடைப் பிழிஞ்சு காய வைக்கிற ஃபில்டர் பிரஸ்ஸுக்கு அனுப்ப இதுதான் வசதி. இதைக் காலியா ஓட விட்டா ரப்பர் கருகிடும். ஆர்க்கிமிடீஸ் ஸ்க்ரூவுக்கு நேர் எதிர் குணம். பராமரிக்கிற ஆள் மாறும்போது இந்த வித்தியாசத்தைச் சொல்லிக் கொடுக்கணும்.

சரி, அப்போ ஏன் எல்லா இடத்துலயும் இது இல்ல?

நியாயமான கேள்வி. முதல் காரணம் இடம். சாய்வா படுக்கிற மெஷின், பெரிய கான்கிரீட் வேலை கேக்கும். நெரிசலான தெருமுனையில ஒரு கிணறு தோண்டி சப்மெர்சிபிள் பம்பை இறக்குறது ரொம்பச் சுலபம், முதல் செலவும் கம்மி. ரெண்டாவது உயரம். நீளம் கூடக் கூட ஸ்க்ரூ தன் எடையிலயே நடுவுல தொய்யும். அதனால 10 மீட்டர் வாக்குல தூக்குறதோட நிறுத்திக்குவாங்க. மூணாவது, இது அழுத்தம் கொடுக்காது. திறந்த வாய்க்கால்ல கொட்டும், அவ்வளவுதான். கழிவுநீரை மூணு கிலோமீட்டர் குழாய்ல தள்ளணும்னா இது உதவாது. நாலாவது நாத்தம். திறந்த மெஷின்ல கழிவுநீர் கலங்கும்போது உள்ள இருக்கிற வாயு வெளியே வரும். மூடி போட்டு, காத்தை உறிஞ்சிச் சுத்தம் பண்ண வேண்டியிருக்கும். கீழ் பேரிங் எப்பவும் அழுக்குத் தண்ணிக்குள்ள கிடக்குறதால அதுதான் முதல்ல தேயும். வெயில்ல ஓடாம சும்மா கிடந்தா, வெயில் படுற பக்கம் மட்டும் விரிஞ்சு ஸ்க்ரூ லேசா வளையிற பிரச்சினைகூட உண்டு.

அதனால ஸ்க்ரூதான் எல்லாத்துக்கும் மருந்துன்னு நான் சொல்ல வரல. எந்த இடத்துக்கு எந்த பம்ப்ன்றது இன்ஜினியரிங் முடிவு. ஆனா அந்த முடிவை எடுக்கும்போது எக்ஸெல் ஷீட்ல ஒரு காலம் பெரும்பாலும் விடுபட்டுப் போகுது.

அடைச்சா யாரு இறங்குறா?

கழிவுநீர் தேங்கி நிக்கிற மூடின குழியில ஹைட்ரஜன் சல்ஃபைடு சேரும். அழுகின முட்டை நாத்தம்னு சொல்வோமே, அதுதான். காத்தைவிடக் கனமானது, அடியில தங்கும். கொஞ்சமா இருக்கும்போது மூக்கு எச்சரிக்கும். 100 பி.பி.எம். வாக்குல போனா மூக்கே மரத்துப்போயிடும், நாத்தம் போயிடுச்சுன்னு தோணும். அதுவே பல மடங்கு கூடினா ரெண்டு மூணு மூச்சுல ஆள் சரிஞ்சிடுவார். காப்பாத்த இறங்குற அடுத்த ஆளும் அப்படியே சரிவார். செய்தியில ஒரே குழியில மூணு பேர், நாலு பேர்னு வர்றதுக்குக் காரணம் இதுதான்.

கையால் மலம் அள்ளும் தொழிலைத் தடை செய்யிற 2013 சட்டம், பாதுகாப்பு இல்லாம சாக்கடையிலயும் செப்டிக் டேங்க்லயும் ஆளை இறக்குறதையும் தடை செய்யுது. 2014-ல உச்ச நீதிமன்றம், சாக்கடைக்குள்ள இறந்தவங்க குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. 2023 அக்டோபர்ல அதை 30 லட்சமாக்கி, இந்த வேலையை முழுசா ஒழிக்கணும்னும் சொன்னது. சட்டம் இருக்கு, தீர்ப்பு இருக்கு. இன்னும் ஆள் இறங்குறாங்க, இறக்குறாங்க. எந்தச் சாதியைச் சேர்ந்தவங்களை இறக்குறாங்கன்னும் நமக்குத் தெரியும். தெரியாத மாதிரி பேசுறதுல அர்த்தம் இல்ல.

இப்போ பம்புக்குத் திரும்ப வாங்க. ஆழமான கிணத்துல இருக்கிற பம்ப் அடைச்சா, பிரச்சினை கிணத்துக்கு அடியில இருக்கு. ஸ்க்ரூவுல துணி மாட்டினா, பெரும்பாலும் மேல நின்னே பார்க்கலாம். மெயின் ஸ்விட்சை அணைச்சுப் பூட்டு போட்டுட்டு, கொக்கியால எடுக்கலாம். மோட்டார், கியர்பாக்ஸ் எல்லாம் மேல, காத்தோட்டத்துல இருக்கு. கீழ் பேரிங்கை மாத்தணும்னா அங்கயும் ஆள் இறங்கித்தான் ஆகணும், அதுக்குத் தண்ணியைத் தடுத்து, வாயுவைச் சோதிச்சுப் பார்த்துட்டுத்தான் இறங்கணும். ஆனா அது திட்டம் போட்டுச் செய்யிற வேலை. ராத்திரி 11 மணிக்கு போன் போட்டு "அண்ணே, அடைச்சுக்கிச்சு, கொஞ்சம் வாங்க"ன்னு கூப்பிடுற வேலை இல்ல.

சப்மெர்சிபிள்லயும் இதுக்கு வழி இருக்கு. கிணத்துச் சுவர்ல ரெண்டு கம்பிகளை நட்டு, பம்பை அது வழியா சங்கிலி கட்டி இறக்குவாங்க. அடியில குழாயோட தானா பொருந்திக்கும். அடைச்சா சங்கிலியை இழுத்தா பம்ப் மேல வந்துடும், ஆள் இறங்கத் தேவை இல்ல. கொட்டேஷன்ல செலவைக் குறைக்கச் சொல்லும்போது இதை வெட்டிடாதீங்க.

நம்மள்ல நிறைய பேரு எஸ்.டி.பி. இருக்கிற அபார்ட்மென்ட்ல இருக்கோம். அடுத்த அசோசியேஷன் மீட்டிங்ல மூணே மூணு கேள்வி கேளுங்க. பம்பை மேல இழுக்க கம்பியும் சங்கிலியும் இருக்கா? வாயுவைச் சோதிக்கிற மீட்டர் இருக்கா, அது வேலை செய்யுதா? பம்ப் அடைச்சா யாரு, எப்படி எடுக்குறாங்க? மூணாவது கேள்விக்கு "அதெல்லாம் ஆளு இருக்காங்க சார்"னு பதில் வந்தா, அங்கேயே நிறுத்திப் பேசுங்க. மினிட்ஸ்ல எழுத வைங்க.

அதோட வெட் வைப்ஸ், நாப்கின், துணி எதையும் ஃப்ளஷ் பண்ணாதீங்க. பாக்கெட்ல ஃப்ளஷ் பண்ணலாம்னு போட்டிருந்தாலும் குப்பைத் தொட்டியிலயே போடுங்க. அது டாய்லெட்டைத் தாண்டிடும், இம்பெல்லரைத் தாண்டாது.

அந்த ட்யூப் சுத்தின பைப் சோதனையைச் செஞ்சு பார்த்தா வீடியோ அனுப்புங்க. வீட்டுல குட்டிப் பசங்க இருந்தா அவங்க கையில கொடுத்து உருட்டச் சொல்லுங்க, பாத்ரூம் ஈரமாகுறதுக்கு நான் பொறுப்பில்ல. மீட்டிங்ல என்ன பதில் வந்ததுன்னும் எழுதுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.